சர்வர்களைக் கோப்பின் வழியே அமைத்தல்: தானியங்கு அமைவுக்கும் வெளியீட்டுக்கும் ஓர் அறிமுகம்

புதிதாக வாடகைக்கு எடுத்த ஒரு லினக்ஸ் சர்வரில் இயங்குதளத்தைத் தவிரப் பெரிதாக எதுவும் இருப்பதில்லை. அதில் ஓர் இணையதளம் இயங்க வேண்டுமானால், நிர்வாகிக்கென ஒரு பயனர் கணக்கை உருவாக்க வேண்டும். கடவுச்சொல் வழியான நுழைவை அடைத்துவிட்டு, தொலைவிலிருந்து பாதுகாப்பாகச் சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் முறையின் சாவி உள்ளவர்களை மட்டும் அனுமதிக்க வேண்டும். வலைத் தொடர்புகளை வடிகட்டும் ஃபயர்வாலில் தேவையான போர்ட்களை (தொடர்பு வாயில்களை) மட்டும் திறக்க வேண்டும். இணையப் பக்கங்களை வழங்கும் என்ஜின்எக்ஸ், தரவுத்தளம், செயலி இயங்கத் தேவையான பைத்தான் போன்றவற்றை உரிய பதிப்பில் நிறுவ வேண்டும். நேர மண்டலம், லாக் கோப்புகளின் சுழற்சி, நாள்தோறும் எடுக்கும் பேக்கப் என்று சில்லறை வேலைகளும் உண்டு. ஒவ்வொன்றும் ஒரு கட்டளையிலோ ஒரு கோப்பைத் திருத்துவதிலோ முடிந்துவிடும். அனுபவமுள்ள ஒருவர் அரை நாளில் எல்லாவற்றையும் முடித்துவிடுவார்.

சிக்கல் இரண்டாவது சர்வரில்தான் தொடங்குகிறது. சில மாதங்கள் கழித்து அதேபோல் இன்னொன்று தேவைப்படும்போது, முதல் சர்வரில் செய்தவை பாதி நினைவிலும் பாதி கட்டளை வரலாற்றிலும் சிதறிக் கிடக்கும். இடையில் ஓர் இரவு தளம் முடங்கியபோது யாரோ அவசரமாக உள்ளே நுழைந்து உயர்த்திய நினைவக வரம்பு எங்கும் எழுதப்பட்டிருக்காது. ஒரே மாதிரி இருக்க வேண்டிய சர்வர்கள் இவ்வாறு மெல்ல மெல்ல ஒன்றிலிருந்து ஒன்று விலகுவதைத் துறையினர் கான்ஃபிகரேஷன் டிரிஃப்ட் என்கிறார்கள். இதற்கு மாற்றாக, ஒரு சர்வர் எப்படி இருக்க வேண்டும் என்பதைக் கோப்பாக எழுதி, அந்தக் கோப்பைப் படித்து வேலை செய்யும் கருவியிடம் அமைவை ஒப்படைப்பதே இங்கே பேசப்போகும் முறை. வேகத்துக்காகத்தான் இந்த முறைக்கு மாறுகிறார்கள் என்று பலர் எண்ணுகிறார்கள். வேகம் கிடைப்பது உண்மையே. ஆயினும் என் கணிப்பில் அது இரண்டாம்பட்சம். எல்லாச் சர்வர்களும் ஒரே நிலையில் உள்ளனவா என்ற கேள்விக்கு, யாருடைய நினைவையும் நம்பாமல் விடை காண முடிவதுதான் இதன் முதன்மையான பயன்.

எட்டில் ஒன்று

அந்த விடை தெரியாமல் இருப்பதற்கு என்ன விலை கொடுக்க நேரும் என்பதற்கு அமெரிக்கப் பங்குச் சந்தையில் 2012 ஆகஸ்ட் 1 அன்று நிகழ்ந்ததைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை. நைட் கேபிடல் என்ற வர்த்தக நிறுவனம், நியூயார்க் பங்குச் சந்தை அன்று தொடங்கவிருந்த சில்லறை முதலீட்டாளர் திட்டத்தில் பங்கேற்பதற்காக, ஆர்டர்களைச் சந்தைக்கு அனுப்பும் ஸ்மார்ஸ் என்ற தன் மென்பொருளில் புதிய நிரலைச் சேர்த்தது. அந்த நிரலை ஜூலை 27 முதல் சில நாட்களாகப் படிப்படியாக எட்டு சர்வர்களிலும் ஏற்றும் வேலை கையால் நடந்தது. தொழில்நுட்பப் பணியாளர் ஒருவர் எட்டில் ஒரு சர்வருக்கு அதைப் படியெடுக்காமல் விட்டுவிட்டார். இன்னொருவர் பார்த்துச் சரியென்று சொல்ல வேண்டும் என்ற எழுத்துபூர்வமான நடைமுறை எதுவும் அங்கே இல்லை. ஆகவே விடுபட்டது யாருக்கும் தெரியவில்லை.

அந்த ஒரு சர்வரில் பவர் பெக் என்ற பழைய நிரல்பகுதி இருந்தது. 2003-லேயே பயன்பாட்டிலிருந்து விலக்கப்பட்ட அதை யாரும் அழித்திருக்கவில்லை. புதிய நிரலை எழுதியவர்களோ, முன்பு பவர் பெக்கை இயக்குவதற்கு வைத்திருந்த அதே ஃபிளாக்கை (ஆர்டரோடு சேர்ந்து செல்லும் ஆம்/இல்லை குறியை) எடுத்துப் புதிய வேலைக்குப் பயன்படுத்தினார்கள். காலையில் சந்தை திறந்ததும் அந்த ஃபிளாக்குடன் வந்த ஆர்டர்களை ஏழு சர்வர்கள் முறைப்படி கையாண்டன. எட்டாவது சர்வர் அவற்றைப் பவர் பெக்கிடம் கொடுத்தது. ஆர்டர் நிறைவேறிவிட்டது என்பதை உணர்ந்து நிறுத்தும் திறன் இல்லாத அந்தப் பழைய நிரல், மேலும் மேலும் ஆர்டர்களைச் சந்தைக்குள் கொட்டிக்கொண்டே இருந்தது. வாடிக்கையாளர்கள் கொடுத்தவை வெறும் 212 ஆர்டர்கள். ஏறத்தாழ 45 நிமிடங்களில் வெளியே போனவை 40 லட்சத்துக்கும் மேல். கைமாறிய பங்குகள் 39.7 கோடிக்கும் மேல்; நிறுவனத்துக்கு இறுதியில் ஏற்பட்ட இழப்பு 46 கோடி டாலருக்கும் அதிகம்.

இதில் பலர் கவனிக்காமல் கடந்துபோகும் இரண்டு செய்திகள் உண்டு. சந்தை திறப்பதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே, காலை 8:01 முதல், பவர் பெக்கைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்ட 97 தானியங்கு மின்னஞ்சல்கள் ஊழியர்களுக்குச் சென்றிருந்தன. ஆனால் அவை எச்சரிக்கைகளாக வடிவமைக்கப்பட்டவை அல்ல என்பதால் வந்தவுடன் படிக்கும் வழக்கம் அங்கே இல்லை. அடுத்து, சிக்கலைத் தீர்க்க முயன்றவர்கள், சரியாக ஏற்றப்பட்டிருந்த ஏழு சர்வர்களிலிருந்தும் புதிய நிரலை நீக்கினார்கள். அதன் பின் அந்த ஏழும் பழைய பவர் பெக்கை இயக்கத் தொடங்கவே, நெருப்பில் நெய் வார்த்ததாயிற்று. பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையமான எஸ்இசி 2013 அக்டோபரில் அந்நிறுவனத்தின் மீது 1.2 கோடி டாலர் அபராதத்தை அறிவித்தது. மேலே உள்ள விவரங்கள் அந்த ஆணையிலேயே பதிவாகியுள்ளன.

தானியங்கு வெளியீடு இருந்திருந்தால் இவை எதுவுமே நடந்திருக்காது என்று சொல்வது மிகையாகும். செத்த நிரலை அழிக்காமல் விட்டதும் ஃபிளாக்கை மறுபடி பயன்படுத்தியதும் வேறு வகைத் தவறுகள். ஆனால் எட்டு சர்வர்களின் பெயரும் ஒரு பட்டியலில் இருந்து, அந்தப் பட்டியலைக் கொண்டே ஒரு கருவி நிரலை ஏற்றியிருந்தால், ஏழு முடிந்து ஒன்று முடியவில்லை என்பது அதன் அறிக்கையின் கடைசி வரிகளில் தெரிந்திருக்கும்.

கட்டளையும் நிலையும்

கையால் செய்வதை விட்டு நகரும் எவரும் முதலில் எழுதுவது, கட்டளைகளை வரிசையாக அடுக்கிய ஷெல் ஸ்கிரிப்ட்டைத்தான், அதில் தவறில்லை. வெற்றுச் சர்வரில் கட்டளைகள் மேலிருந்து கீழாக ஓடி வேலையை முடித்துவிடும். அதே ஸ்கிரிப்ட்டை ஏற்கெனவே அமைந்த சர்வரில் மறுபடி ஓட்டினால்தான் அதன் குறை தெரியும். பயனர் கணக்கை உருவாக்கும் கட்டளை, அந்தப் பெயர் முன்பே இருக்கிறது என்று பிழை காட்டும். கான்ஃபிக் எனப்படும் அமைவுக் கோப்பின் இறுதியில் ஒரு வரியைச் சேர்க்கும் கட்டளை, ஓடும் ஒவ்வொரு முறையும் அதே வரியை மறுபடி சேர்க்கும். இவற்றைத் தவிர்க்க, கணக்கு இல்லாவிட்டால் மட்டும் உருவாக்கு, வரி இல்லாவிட்டால் மட்டும் சேர் என்று நிபந்தனைகளை எழுதத் தொடங்கினால், விரைவிலேயே ஸ்கிரிப்ட்டின் பெரும்பகுதி நிபந்தனைகளாகிவிடும்.

மாடியில் உள்ள தண்ணீர்த் தொட்டியை நினைத்துப் பாருங்கள். மோட்டாரை இருபது நிமிடம் ஓட்டு என்பது கட்டளை. தொட்டியில் முன்பே எவ்வளவு தண்ணீர் இருந்தது என்பதைப் பொறுத்து அது சரியாகவும் அமையலாம், வழிந்து தெருவில் ஓடவும் செய்யலாம். தொட்டி நிரம்பியிருக்க வேண்டும் என்பது நிலை. மட்டத்தைப் பார்த்து மோட்டாரை ஓட்டவும் நிறுத்தவும் செய்யும் தானியங்கிச் சாதனம் அந்த நிலையைத்தான் காக்கிறது, தொட்டி நிரம்பியிருந்தால் அது எதையும் செய்வதில்லை. அமைவு மேலாண்மைக் கருவிகளின் அடிப்படை இதுதான். என்ஜின்எக்ஸை நிறுவு என்று நாம் ஆணையிடுவதில்லை; என்ஜின்எக்ஸ் நிறுவப்பட்டிருக்க வேண்டும், இயங்கிக்கொண்டிருக்க வேண்டும், அதன் கான்ஃபிக் கோப்பின் உள்ளடக்கம் இதுவாக இருக்க வேண்டும் என்று எழுதிவைக்கிறோம். இப்போதைய நிலைக்கும் எழுதிய நிலைக்கும் உள்ள வேறுபாட்டைக் கண்டறிந்து, அந்த வேறுபாட்டை மட்டும் சரிசெய்வது கருவியின் பொறுப்பு. எத்தனை முறை ஓட்டினாலும் விளைவு ஒன்றாகவே இருக்கும் இந்தப் பண்பை ஐடெம்பொட்டன்ஸ் என்பார்கள்.

இந்த எண்ணம் புதியதன்று. மார்க் பர்கஸ் நார்வேயின் ஆஸ்லோவில் 1993-இல் உருவாக்கிய சிஎஃப்என்ஜின் இவ்வகையில் முன்னோடி. லூக் கேனிஸின் பப்பெட் 2005-இலும் செஃப் 2009-இலும் வந்தன. மைக்கேல் டிஹான் 2012-இல் வெளியிட்ட ஆன்சிபிளை 2015-இல் ரெட் ஹாட் வாங்கியது. புதிதாகக் கற்பவர் இவற்றுள் ஆன்சிபிளிலிருந்து தொடங்கலாம் என்பது என் பரிந்துரை. அமைக்கப்படும் சர்வர்களில் அதற்கென்று தனி மென்பொருள் எதையும் முன்கூட்டியே நிறுவ வேண்டியதில்லை என்பதே காரணம்.

ஆன்சிபிள் எப்படி வேலை செய்கிறது

உங்கள் மடிக்கணினியிலோ தனி ஒரு கணினியிலோ ஆன்சிபிள் நிறுவப்பட்டிருக்கும். அது லினக்ஸாகவோ மேக்காகவோ இருக்க வேண்டும். விண்டோஸ் வைத்திருப்பவர்கள், அதற்குள் லினக்ஸை இயக்கும் டபிள்யூஎஸ்எல் வழியாகப் பயன்படுத்தலாம். அங்கிருந்து அது எஸ்எஸ்எச் மூலம் ஒவ்வொரு சர்வருக்குள்ளும் நுழைந்து, மாட்யூல் எனப்படும் ஒரு சிறு நிரலை அங்கே அனுப்பி, அங்கேயே ஓட்டி, விளைவைத் திரும்பப் பெற்று, அனுப்பிய நிரலை அழித்துவிட்டு வெளியேறுகிறது. சர்வரில் பைத்தான் இருந்தால் போதும். பெரும்பாலான லினக்ஸ் சர்வர்களில் அது முன்பே இருக்கும்.

நீங்கள் எழுத வேண்டியவை முக்கியமாக இரண்டு கோப்புகள். சர்வர்களின் முகவரிகளை வெப், தரவுத்தளம் என்பன போன்ற குழுக்களாகப் பிரித்துப் பட்டியலிடுவது இன்வென்டரி. எந்தக் குழுவில் என்னென்ன நிலைகள் இருக்க வேண்டும் என்று வரிசையாகச் சொல்வது பிளேபுக்; அதில் உள்ள ஒவ்வொரு நிலைக்கும் டாஸ்க் என்று பெயர். பிளேபுக் யாம்ல் என்ற உரை வடிவில் எழுதப்படும். யாம்லில் வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளிக்குப் பொருள் உண்டு, டேப் செல்லாது. தொடக்கநிலையில் வரும் பிழைகளில் பெரும்பாலானவை இதனால்தான் என்பதை அறிந்திருந்தால் வீண் கவலை குறையும்.

ஒரு வெப் சர்வருக்கான பிளேபுக்கை எடுத்துக்கொள்வோம். முதல் டாஸ்க், உபுண்டு போன்றவற்றில் மென்பொருள்களை நிறுவும் ஆப்ட் மாட்யூல் வழியாக என்ஜின்எக்ஸ் தொகுப்பு இருக்க வேண்டும் என்கிறது. இரண்டாவது, டெம்ப்ளேட் மாட்யூல் வழியாகக் கான்ஃபிக் கோப்பை உருவாக்குகிறது. டொமைன் பெயர் போல சர்வருக்குச் சர்வர் மாறும் இடங்கள் டெம்ப்ளேட்டில் மாறிகளாக இருக்கும், அவற்றின் மதிப்புகள் இன்வென்டரியிலிருந்து வரும். மூன்றாவது, என்ஜின்எக்ஸ் சேவை இயங்கிக்கொண்டும், சர்வர் மறுதொடக்கம் ஆனால் தானாக எழுந்துகொள்ளும் வகையிலும் இருக்க வேண்டும் என்கிறது. கான்ஃபிக் கோப்பு மாறினால் மட்டும் என்ஜின்எக்ஸை ரீலோட் செய்ய (கான்ஃபிக்கை மறுபடி படிக்க வைக்க) வேண்டும் என்பதற்காக ஹேண்ட்லர் என்ற ஒன்றைத் தனியே எழுதி, இரண்டாவது டாஸ்க்கோடு இணைத்துவிடுகிறோம்.

இதை முதல்முறை ஓட்டும்போது, எதையேனும் மாற்றிய ஒவ்வொரு டாஸ்க்கும் மஞ்சள் நிறத்தில், மாற்றப்பட்டது என்று அறிவிக்கும். உடனே இரண்டாம் முறை ஓட்டினால் எல்லாம் பச்சையாக, ஏற்கெனவே சரியாக உள்ளது என்று வர வேண்டும். இறுதியில் வரும் சுருக்க அறிக்கையில் ஒவ்வொரு சர்வரின் பெயருக்கு எதிரேயும் மாற்றங்களின் எண்ணிக்கை சுழியாக இருக்க வேண்டும். அப்படி வரவில்லையென்றால் ஏதோ ஒரு டாஸ்க் நிலையைச் சொல்லாமல் கட்டளையைச் சொல்லிக்கொண்டிருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் அது ஷெல் மாட்யூலாக இருக்கும். ஷெல் கட்டளை என்ன செய்யும் என்பது ஆன்சிபிளுக்குத் தெரியாது; ஆகவே ஒவ்வொரு முறையும் அதை ஓட்டி, மாற்றப்பட்டது என்றே எழுதும். உரிய மாட்யூல் இருக்கும் இடத்தில் ஷெல்லைப் பயன்படுத்தாதிருப்பது முதல் பழக்கமாக அமைய வேண்டும்.

பாடங்களில் அதிகம் சொல்லப்படாத மூன்று பொறிகள் உள்ளன. பிளேபுக்கிலிருந்து ஒரு டாஸ்க்கை நீக்கினால் அது முன்பு சர்வரில் செய்தது நீங்கிவிடாது. பணியிலிருந்து விலகிய ஒருவரின் கணக்கை உருவாக்கும் வரிகளை அழித்துவிட்டால், புதிய சர்வர்களில் அந்தக் கணக்கு உருவாகாது, அவ்வளவுதான். பழைய சர்வர்களில் அவரால் இன்னமும் நுழைய முடியும். அந்தக் கணக்கு இருக்கக் கூடாது என்பதையும் ஒரு நிலையாக எழுத வேண்டும்.

அடுத்தது தொகுப்புகளின் பதிப்பு. எப்போதும் ஆகப் புதியது வேண்டும் என்று எழுதினால், ஜனவரியில் ஓட்டிய சர்வரிலும் ஜூனில் ஓட்டிய சர்வரிலும் வெவ்வேறு பதிப்புகள் இருக்கக்கூடும். எந்த விலகலைத் தவிர்க்க இந்த முறைக்கு வந்தோமோ அதையே கோப்பில் எழுதிவைத்ததாகிவிடும்.

மூன்றாவது நுட்பமானது. ஹேண்ட்லர்கள், பிளே எனப்படும் ஒரு குழுவுக்கான டாஸ்க் வரிசையின் இறுதியில்தான் ஓடும். கான்ஃபிக் கோப்பு மாறிய பின், ரீலோட் நடப்பதற்கு முன், இடையில் உள்ள வேறொரு டாஸ்க் தோற்றால் அந்தச் சர்வரில் ஹேண்ட்லர் ஓடாது. பிழையைச் சரிசெய்து மறுபடி ஓட்டும்போது கோப்பு ஏற்கெனவே மாறியிருப்பதால் அந்த டாஸ்க் பச்சையாகிவிடும், ஹேண்ட்லர் அழைக்கப்படவே மாட்டாது. அறிக்கை முழுவதும் பச்சை. என்ஜின்எக்ஸ் மட்டும் பழைய கான்ஃபிக்கோடு ஓடிக்கொண்டிருக்கும். தோல்வி ஏற்பட்டாலும் ஹேண்ட்லர்களைக் கட்டாயம் ஓட்டச் செய்யும் விருப்பத்தேர்வு ஆன்சிபிளில் உண்டு. இத்தகைய பிளேபுக்குகளில் அதை இயக்கிவைப்பது நல்லது.

இந்தக் கோப்புகள் அனைத்தும், மாற்றங்களின் வரலாற்றைப் பதியும் கிட் என்ற மென்பொருளில் இருக்க வேண்டும். யார், எப்போது, எதற்காக மாற்றினார் என்பதும், இன்னொருவர் பார்த்துச் சரியென்று சொன்னதும் அப்போதுதான் பதிவாகும். கடவுச்சொற்களை மட்டும் வெறும் எழுத்தாக அங்கே வைக்கலாகாது. அவற்றை மறையாக்கம் செய்து வைப்பதற்கு ஆன்சிபிளோடு வால்ட் என்ற வசதி வருகிறது.

வெளியீடு என்ற தனிச் சிக்கல்

சர்வரின் அமைவு எப்போதாவது மாறுவது. செயலியின் நிரலோ வாரத்துக்குச் சில முறை, சில இடங்களில் நாளுக்குப் பல முறை மாறுவது. டிப்ளாய்மென்ட் எனப்படும் இந்த வெளியீட்டுக்கும் ஆன்சிபிளைப் பயன்படுத்தலாம், ஆனால் இங்கே எழும் கேள்விகள் வேறு. புதிய பதிப்பு ஏறும் நேரத்தில் பயனர்களுக்குத் தடங்கல் வரக் கூடாது. பதிப்பு கோளாறானால் பழையதற்கு உடனே திரும்ப வேண்டும்.

ரூபி நிரல்மொழி உலகில் பிறந்த கேபிஸ்ட்ரானோ பரவலாக்கிய ஓர் எளிய அமைப்பு இன்றும் பயனுள்ளது. ஒவ்வொரு வெளியீடும் ரிலீசஸ் என்ற அடைவுக்குள் தனித்தனி அடைவாக வைக்கப்படும். கரன்ட் என்ற பெயரில் ஒரு சிம்லிங்க் (வேறோர் இடத்தைச் சுட்டும் இணைப்புக் கோப்பு), அவற்றுள் இப்போது நடப்பில் உள்ளதைச் சுட்டும். புதிய பதிப்பை முழுவதும் படியெடுத்து, சார்புகளை (அது நம்பியிருக்கும் பிற மென்பொருள்களை) நிறுவி, எல்லாம் தயாரான பின்பே சிம்லிங்க் மாற்றப்படும். ஆகவே பாதி பழையதும் பாதி புதியதுமான நிரல் பயனருக்குக் கிடைக்க வாய்ப்பில்லை. பின்வாங்க வேண்டுமானால் சிம்லிங்க்கை முந்தைய அடைவுக்குத் திருப்பினால் போதும். பயனர்கள் ஏற்றிய படங்கள் போன்றவை ஷேர்டு என்ற தனி அடைவில் இருப்பதால் எந்த வெளியீட்டிலும் அழிவதில்லை.

சர்வர்கள் பல இருந்தால் எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில் ஏற்றுவது துணிச்சலான செயல். சீரியல் என்ற ஒரு சொல்லைப் பிளேபுக்கில் சேர்த்து அதற்கு 1 என்று மதிப்புக் கொடுத்தால், ஆன்சிபிள் ஒரு சர்வரை முழுவதும் முடித்த பிறகே அடுத்ததற்குப் போகும். அந்தச் சர்வரை, பயனர்களின் கோரிக்கைகளைச் சர்வர்களுக்குப் பகிர்ந்தளிக்கும் லோட் பேலன்சரிலிருந்து விலக்கி, புதிய பதிப்பை ஏற்றி, நலமாக இருக்கிறதா என்று அதன் ஒரு பக்கத்தைக் கேட்டுப் பார்த்து, சரியான பதில் வந்தால் மறுபடி சேர்ப்பது வழக்கமான வரிசை. பதில் வரவில்லையென்றால் பிளேபுக் அங்கேயே நின்றுவிட வேண்டும். மற்ற சர்வர்கள் பழைய பதிப்பில் சேவையைத் தொடரும்.

இங்கேதான் நைட் கேபிடலின் ஃபிளாக் மறுபடி முக்கியமாகிறது. ஒவ்வொன்றாக ஏற்றும்போது பழைய பதிப்பும் புதிய பதிப்பும் சிறிது நேரமாவது அருகருகே இயங்கும். இது விபத்தன்று, முறையின் இயல்பே அது. எனவே இரண்டும் படிக்கும் எதுவும், அது செய்தியில் உள்ள ஃபிளாக்காக இருந்தாலும் தரவுத்தள அட்டவணையின் ஒரு பத்தியாக (நெடுவரிசையாக) இருந்தாலும், இரண்டுக்கும் ஒரே பொருளைத் தர வேண்டும். தரவுத்தளப் பத்தி ஒன்றின் பெயரை மாற்ற வேண்டுமானால் ஒரே வெளியீட்டில் அதைச் செய்யலாகாது. முதல் வெளியீட்டில் புதிய பத்தியைச் சேர்த்து இரண்டிலும் எழுத வேண்டும். முன்பே உள்ள தரவைப் புதிய பத்திக்குப் படியெடுத்து, புதியதிலிருந்து படிக்கத் தொடங்க வேண்டும். பழையதை யாரும் தொடவில்லை என்று உறுதியான பிறகு வரும் வெளியீட்டில் அதை நீக்க வேண்டும். சலிப்பூட்டும் வேலைதான். ஆனால் சிம்லிங்க்கைத் திருப்பினால் நிரல்தான் திரும்பும், அழித்த பத்தி திரும்பாது.

ஆன்சிபிள் தவிர்த்த பெயர்களும் காதில் விழுந்துகொண்டே இருக்கும். கிளவுடில் சர்வர்களையும் நெட்வொர்க்குகளையும் உருவாக்குவதற்கு டெராஃபார்ம். சர்வர் உருவான பிறகு அதன் உள்ளே அமைப்பதற்கு ஆன்சிபிள் என்று இப்போதைக்குப் பிரித்துக்கொள்ளலாம். செயலியை அதன் சார்புகளோடு சேர்த்துக் கட்டி, எங்கும் அதே கட்டாக இயக்குவது டாக்கர். அத்தகைய கட்டுகளை நூற்றுக்கணக்கில் பல சர்வர்களில் மேய்ப்பது குபெர்னெட்டிஸ். மூன்று சர்வர்கள் வைத்திருப்பவர் குபெர்னெட்டிஸிலிருந்து தொடங்குவது, தீர்க்கும் சிக்கலைவிடப் பெரிய சிக்கலை விலைக்கு வாங்குவதாகும்.

எங்கே தொடங்குவது

உங்கள் கணினியில் வேகரன்ட் அல்லது மல்டிபாஸ் கொண்டு இரண்டு உபுண்டு மெய்நிகர் கணினிகளை உருவாக்கிக்கொள்ளுங்கள். அவற்றின் உள்ளே கையால் எதையும் செய்வதில்லை என்று முடிவு செய்துகொண்டு, மேலே சொன்ன வெப் சர்வர் பிளேபுக்கை எழுதுங்கள். அது ஓடியபின் இரண்டில் ஒன்றை அழித்து, வெற்றாக மறுபடி உருவாக்கி, பிளேபுக்கை ஓட்டிப் பாருங்கள். தளம் எழுந்து வரவில்லையென்றால், எங்கோ கைவேலை ஒன்று கோப்பில் ஏறாமல் விடுபட்டிருக்கிறது. சர்வரை அழித்து அதே நிலையில் திரும்பப் பெறும் இந்தச் சோதனையைத் தேறாத பிளேபுக்கை நிஜச் சர்வர்களுக்குக் கொண்டுபோக வேண்டாம்.

ஏற்கெனவே பல ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கும் சர்வர் உங்கள் பொறுப்பில் இருந்தால், அதை முழுவதும் ஒரே மூச்சில் கோப்பாக்க முயல வேண்டியதில்லை. பயனர் கணக்குகள், எஸ்எஸ்எச் அமைவு ஆகிய இரண்டை மட்டும் முதலில் எழுதுங்கள். ஓட்டுவதற்கு முன் செக் என்ற விருப்பத்தையும் டிஃப் என்ற விருப்பத்தையும் சேர்த்து ஓட்டினால், ஆன்சிபிள் எதையும் மாற்றாமல், மாற்றியிருந்தால் எந்தக் கோப்பில் எந்த வரி எப்படி மாறியிருக்கும் என்று காட்டும். ஷெல் போன்ற, விளைவை முன்கூட்டிச் சொல்ல முடியாத டாஸ்க்குகளை அது அந்த ஓட்டத்தில் தாண்டிச் செல்லும். எதிர்பாராத வரி ஒன்று தெரிந்தால் அவசரப்பட்டுக் கோப்பில் உள்ளதே சரியென்று முடிவு செய்ய வேண்டாம். அந்த வரி எப்போதோ ஒருவர் காரணத்தோடு சேர்த்ததாக இருக்கலாம். அந்தக் காரணம் தெரிந்தபின் அதையும் பிளேபுக்கில் ஏற்றிவிட்டு அடுத்த பகுதிக்குப் போகலாம்.

எழுதி முடித்த பகுதிகளுக்கு இதே செக் ஓட்டத்தை இரவுதோறும், குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் கிரான் வழியாக நடத்தி, மாற்றம் தேவை என்று வரும் சர்வர்களின் பெயர்களை மட்டும் குழுவுக்கு அனுப்பச் செய்யலாம். பப்பெட்டில் இதற்குத் தனி ஏற்பாடு தேவையில்லை. ஒவ்வொரு சர்வரிலும் உள்ள அதன் ஏஜென்ட், இயல்பாக 30 நிமிடங்களுக்கு ஒரு முறை மைய சர்வரைக் கேட்டு, விலகலைத் தானே சரிசெய்துகொள்ளும். ஆன்சிபிளில் நீங்கள் ஓட்டினால்தான் விலகல் தெரியும் என்பதால் இந்த இரவு ஓட்டம் தேவைப்படுகிறது. எல்லாம் சரியாக உள்ள நாட்களில் அது எந்த மின்னஞ்சலும் அனுப்பக் கூடாது. நாள்தோறும் வரும் அறிக்கையைச் சில வாரங்களில் யாரும் திறக்க மாட்டார்கள்.